குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்கும் முன் கணக்கை எழுதுங்கள்

"குழந்தையின் பராமரிப்புக்கு மாதம் ரூ.15,000 தேவைப்படுகிறது." குடும்பநல நீதிமன்றத்தில் போடப்படும் ஏராளமான மனுக்களில் பிள்ளையைப் பற்றி இருப்பது இந்த ஒரு வரிதான். அது எப்படி வந்த தொகை என்று எங்கும் இருக்காது. எதிர்த்தரப்பு வக்கீல் "மூணாம் கிளாஸ் படிக்கிற பிள்ளைக்குப் பதினஞ்சாயிரமா?" என்று கேட்டால் பதில் சொல்லக் கையில் தாள் இருக்காது. அப்புறம் 4,000, 5,000 என்று ஏதோ ஒரு தொகை முடிவாகும். அதைக் கேட்டு மனம் நொந்துபோகிற அம்மாக்களுக்காகவும், நியாயமாகக் கொடுக்க நினைத்தும் எவ்வளவு என்று தெரியாத அப்பாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மனைவிக்கான ஜீவனாம்சம் வேறு, பிள்ளைக்கானது வேறு. ஒரே மனுவில் கேட்டாலும் தனித்தனித் தொகையாகக் கேளுங்கள். மனைவி வேலைக்குப் போகிறார், அவருக்கு வேண்டியதில்லை என்று கோர்ட் சொன்னாலும் பிள்ளையின் பங்கு அதில் அடிபடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு வந்திருக்கிறது. எண் மாறியதே தவிர உரிமை அப்படியேதான் இருக்கிறது. எந்த மதத்தவரும் இதில் மனு போடலாம். முறையான திருமணத்தில் பிறக்காத பிள்ளைக்கும் இது பொருந்தும்.

இனி கணக்கு. நம் நாட்டில் "சம்பளத்தில் இத்தனை சதவீதம் குழந்தைக்கு" என்று சட்டத்தில் அட்டவணை எதுவும் கிடையாது. பலர் சொல்லும் 25 சதவீதம், 2017-இல் உச்ச நீதிமன்றம் மனைவிக்கான தொகை பற்றிய ஒரு வழக்கில் சொன்னது. அதைப் பிள்ளைக்கான வாய்ப்பாடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செலவைத்தான் காட்ட வேண்டும்.

ஒன்பது வயதுப் பிள்ளை, அம்மா, பாட்டி மூவரும் வாடகை வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 48,000 என்றால் மாதம் 4,000. வேனுக்குப் பத்து மாதம் 1,500 வீதம் 15,000. பன்னிரண்டால் வகுத்தால் 1,250. புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ எல்லாம் ஜூன் மாதத்தில் மொத்தமாக வரும் செலவு, 9,600, மாதத்துக்கு 800. டியூஷன் 1,000. பால், முட்டை, பழம் உட்பட சாப்பாடு 4,000. மருத்துவம் 600. துணிமணி 500. கரண்ட், கேஸில் பிள்ளையின் பங்கு 450. வாடகை 9,000-இல் மூன்றில் ஒரு பங்கு 3,000. மொத்தம் 15,600.

இந்த வாடகைப் பங்கைத்தான் பெரும்பாலானோர் எழுத மறக்கிறார்கள். பிள்ளைக்கும் தலைக்கு மேல் கூரை வேண்டும்தானே! ஜூன் செலவும் அப்படித்தான், மாதக் கணக்குக்குள் வராமல் நழுவிவிடும்.

அப்பாவின் கைக்கு 40,000 வருகிறது, அம்மாவின் கைக்கு 20,000 வருகிறது என்றால் 15,600-ஐ 2:1 என்று பிரித்துக் கேட்பது நியாயம். அப்பா 10,400, அம்மா 5,200. இருவரும் சம்பாதித்தால் பிள்ளையின் செலவை வருமான விகிதப்படி பகிரலாம் என்பதை ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இப்படிப் பிரித்துக் காட்டிய மனுவுக்கு இருக்கும் பலம் வெறும் 15,000 கேட்ட மனுவுக்கு இருக்காது. பள்ளி ரசீது, வேன்காரர் கையெழுத்திட்ட சீட்டு, வாடகை ஒப்பந்தம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கூடவே இணையுங்கள்.

2020 நவம்பர் 4-இல் வந்த அதே தீர்ப்புப்படி இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரம். இரண்டு வாய்தாவுக்கு மேல் இழுத்தால் அவருடைய எதிர்வாதத்தையே கோர்ட் தள்ளிவிடலாம். அவர் இதைத் தாக்கல் செய்யாமல் காலம் கடத்தினால், உங்கள் வக்கீலிடம் சொல்லி இந்தத் தீர்ப்பைக் காட்டி எழுத்தாகவே கேளுங்கள். கார் கடன், சீட்டு, எல்.ஐ.சி. என்று பிடித்தம் காட்டி "கையில் பன்னிரண்டாயிரம்தான் வருகிறது" என்பதைக் கோர்ட்டுகள் பொதுவாக ஏற்பதில்லை. வருமான வரி மாதிரி கட்டாயப் பிடித்தம்தான் கழியும். "வேலையே இல்லை" என்றாலும் உடல் திடமாக இருப்பவரின் சம்பாதிக்கும் திறனைக் கோர்ட் கணக்கில் எடுக்கும்.

அதே தீர்ப்பு, மனு போட்ட தேதியிலிருந்தே தொகை வழங்கப்பட வேண்டும் என்கிறது. அதனால், "பேசித் தீர்த்துக்கலாம், பெரியவங்க உட்கார்ந்து பேசட்டும்" என்று ஒன்றரை வருடம் காத்திருந்தால் அந்தப் பதினெட்டு மாதத் தொகை கணக்கிலேயே வராது. பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் இருக்கட்டும்.

மனுவோடு இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். நோட்டீஸ் சார்வான, அதாவது எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்த, நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் அதை முடிக்கச் சட்டம் சொல்கிறது. சிக்கல் அந்த "சார்வான நாள்" என்பதில்தான். "ஆள் இல்லை", "கதவு பூட்டு" என்று நோட்டீஸ் திரும்பிக்கொண்டே இருந்தால் 60 நாள் தொடங்கவே தொடங்காது. வீட்டு முகவரியோடு அலுவலக முகவரியையும் கொடுங்கள், நோட்டீஸ் அனுப்பக் கோர்ட்டில் கட்டும் கட்டணமான பேட்டாவை அன்றைக்கே கட்டுங்கள்.

உத்தரவு வந்தபின் நடக்கும் தவறுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. மாதம் 8,000 என்று உத்தரவு; அவர் கட்டவில்லை. "சேரட்டும், மொத்தமா வாங்கிக்கலாம்" என்று 20 மாதம் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு தொகை பாக்கியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் அதற்கு வசூல் வாரண்டு கிடைக்கும். ஆக கடைசி 12 மாதத்தின் 96,000 மட்டும் இந்த வழியில் வரும். முந்தைய 64,000 இந்த வழியில் இனி கிடைக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாக்கி மனு போட்டுவிடுவது நல்லது. வாரண்டுக்குப் பிறகும் கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்ததால் கடன் தீர்ந்துவிடாது, பாக்கி அப்படியே நிற்கும்.

கொடுப்பவர்களுக்கும் சொல்கிறேன். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக, எந்த மாதத்துக்கு என்று குறிப்போடு அனுப்புங்கள். பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த சைக்கிளைத் தொகையில் கழிக்க முடியாது. பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்தினால் பாக்கி உங்கள் தலையில்தான் ஏறும். பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும் அதே அளவு தவறு. பார்க்கும் உரிமைக்குத் தனி மனு இருக்கிறது.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்குப் போகிறவர்கள், "இனி குழந்தைக்காக எதுவும் கேட்கமாட்டேன்" என்ற வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த உரிமை பிள்ளையுடையது, அம்மா விட்டுக்கொடுத்தாலும் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பிறகு அதை நிரூபிக்க இன்னொரு வழக்குக்கு அலைய வேண்டும். ஒப்பந்தத்தில் ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் கூடும், பள்ளிக் கட்டணம் தொகைக்குள் அடக்கமா தனியா, கல்லூரிச் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பதை எழுதிவிடுங்கள். கல்லூரியைக் கட்டாயம் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 144-ஆம் பிரிவில் உடல், மன நலக் குறை உள்ள பிள்ளையைத் தவிர மற்றவர்களுக்கு 18 வயதோடு தொகை நின்றுவிடும். பிளஸ் டூ முடித்து, செலவு இரட்டிப்பாகும் அதே நேரம் அது. இந்துக் குடும்பத்தில் தன்னைத் தானே பராமரிக்க முடியாத திருமணமாகாத மகளுக்கு 1956-ஆம் ஆண்டு தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. மகனுக்கு அதிலும் 18 வரைதான்.

வக்கீல் பீஸுக்குப் பயந்து மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது அந்தச் செலவுக் கணக்குத் தாளையும் ரசீதுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.