கைப்பேசியின் மறுமுனையில் யார்?

அமெரிக்காவில் 2022-இல் புதிதாக எச்ஐவி தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள், என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணித்திருக்கிறது. மக்கள்தொகையிலோ அவர்கள் ஐந்தில் ஒரு பங்கை எட்டவில்லை. தொற்றுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்கள். இத்தனைக்கும் பிரெப் என்னும் தடுப்பு மாத்திரைக்கு 2012-லேயே அங்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதன் பயனை நிறுவிய ஐபிரெக்ஸ் ஆய்வில் பங்கேற்ற ஏறத்தாழ 2,500 பேரில் பெரும்பகுதியினர் பெரு, ஈக்வடார் நாடுகளைச் சேர்ந்தவர்கள். அப்படியிருந்தும், அமெரிக்காவில் வாழும் லத்தீனோக்களுக்கு அந்த மாத்திரை வெள்ளையரைவிட மிகக் குறைவாகவே போய்ச் சேர்கிறது.

காப்பீடு இல்லாதவர், ஆங்கிலம் சரளமாக வராதவர், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவர் என எல்லோரிடமும் கைப்பேசி இருப்பதால், தடுப்புப் பணியை அதன் வழியே செய்ய முனைவது இயல்புதான். ஆனால் மாத்திரை நேரத்தை நினைவூட்டும் குறுஞ்செய்தியோடு நின்றுவிடும் திட்டங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மாத்திரை ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு மட்டுமே அது உதவும்.

2013-இல் வெளியான ஹோப் ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஷான் யங் தலைமையிலான குழு, பெரும்பாலும் லத்தீனோ, கறுப்பின ஆண்களான 112 பேரை லாஸ் ஏஞ்சலிஸில் முகநூலின் மறைவுக் குழுக்களில் சேர்த்தது. அவர்களுடைய சமூகத்திலிருந்தே வந்து பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், 12 வாரங்கள் அவர்களோடு உரையாடினார்கள். எச்ஐவி பற்றிப் பேசிய குழுக்களில் 57 பேரில் 25 பேர் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளும் பெட்டியைக் கேட்டார்கள். பொதுவான உடல்நலம் பேசிய குழுக்களில் 55 பேரில் 11 பேர்தான் கேட்டார்கள். கேட்ட எல்லோரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னர் பெருவின் லிமா நகரில் இதே முறையைப் பின்பற்றியபோது, பரிசோதனை செய்துகொண்டோர் 17 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவில் 7 விழுக்காடு. இரண்டு ஊர்களிலும் தொழில்நுட்பம் சாதாரணமானதுதான். வேறுபாட்டை உண்டாக்கியது, என்ன பேசப்பட்டது, யார் பேசினார் என்பதே என்று நான் கருதுகிறேன்.

இப்படிப் பேசிப் பேசிப் பெறும் நம்பிக்கை எளிதில் உடையக்கூடியது. 2018 மார்ச்சில், தன்பாலீர்ப்பு ஆண்கள் துணை தேடப் பயன்படுத்தும் கிரைண்டர் செயலி, எச்ஐவி பரிசோதனைக்கான நினைவூட்டலை அறிமுகப்படுத்தியது. பயனர்களின் எச்ஐவி நிலையை அதே செயலி இரண்டு வெளி நிறுவனங்களுக்கு அனுப்பிவந்தது அடுத்த மாதமே அம்பலமாயிற்று. 2025 ஜூனில், குறைந்த வருவாய் உள்ளோருக்கான மெடிகெய்டு என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் சேர்ந்தோரின் விவரங்கள் குடியேற்ற நடவடிக்கைகளைக் கையாளும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தரப்பட்டன. ஆவணமில்லாத ஓர் இளைஞன் இதற்குப் பிறகும் அரசு ஆதரவு பெற்ற செயலியில் தன் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவு செய்வான் என்று எதிர்பார்ப்பவர்கள், அவனுடைய அச்சத்தைப் புரிந்துகொள்ளவில்லை.

ஆகவே இத்தகைய திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவோர், செயலியை மெருகேற்றுவதற்கு முன்னால், ஸ்பானிஷ் பேசுகிற, அந்தச் சமூகத்திலேயே வாழ்கிற உரையாடுநர்களுக்கு முறையான ஊதியம் கொடுக்கட்டும். பெட்டியை அஞ்சலில் அனுப்ப முகவரி வேண்டுமே என்பார்கள். பெயர் கேட்காமல் ஓர் எண்ணை மட்டும் கொடுத்து, அதைக் காட்டுபவர் பக்கத்து மருந்துக் கடையில் பெட்டியைப் பெற்றுக்கொள்ளும்படி செய்யலாம்.