கடைசி ஆறு வாரம் நான் சும்மா இருக்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தையும் அதன் கீழே நடந்ததையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிவு எதற்கு என்று புரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், அந்த ஒரு வரியை நானே சொல்லிவிடுகிறேன். "வேலை நேரத்துல வாழைக்காய் உரிக்கிறதுக்குப் பேர்தான் சேவையா?" எழுதியவர் எனக்கு மாமா முறை. 47 பேர் அதற்குச் சிரித்திருக்கிறார்கள். என்னோடு பாலக்கோட்டில் படித்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

படம் உகாண்டாவில் எடுத்தது. ம்பராரா பக்கத்தில் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையம், அதன் பின்கட்டு, காலை 11 மணி. பாயில் உட்கார்ந்து நான் மடோக்கே உரித்துக்கொண்டிருக்கிறேன். மடோக்கே என்றால் அவர்கள் ஊர் வாழைக்காய். உரித்து, வாழையிலை போட்டு மூடி, ஆவியில் வேகவைத்து மசிப்பார்கள். அந்த நேரத்தில் நான் லேபுக்குள் இருந்திருக்க வேண்டும் என்கிறார் மாமா.

மாமா, அந்த நேரத்தில் நான் லேபுக்குள் இருக்கவே கூடாது. அதுதான் அன்றைக்கு என் வேலை.

ஒரு வருடம் அங்கே லேப் டெக்னீஷியனாகத் தன்னார்வப் பணி செய்தேன். தினமும் மலேரியா பரிசோதனை. கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவி, காயவைத்து, ஒட்டுண்ணியைக் காட்டிக்கொடுக்கும் ஜீம்சா சாயத்தின் 10 சதவீதக் கரைசலில் 10 நிமிடம், அப்புறம் கழுவி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு நூறு மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். எனக்கு உதவியாக இருந்த பெண்ணுக்கு 23 வயது. எல்லாம் தெரிந்தவள். ஆனால் நான் அறையில் இருக்கும்வரை நோயாளிகள் அவளிடம் கேட்க மாட்டார்கள். "முசாவோ எங்கே?", அதாவது வைத்தியர் எங்கே என்று என்னைத்தான் தேடுவார்கள். அவளும் முடிவை எழுதும் முன் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையசைத்தால்தான் பேனா நகரும்.

நான் கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போது அவளே சொன்னாள், "நீங்கள் கொஞ்சம் வெளியே போய் உட்காருங்கள்" என்று. போய் உட்கார்ந்தேன். முதல் நாள் என் கை நடுங்கியது. உள்ளே என்ன நடக்கிறதோ, கண்ணாடியில் தடவிய ரத்தப் பூச்சு உரிந்து போயிருக்குமோ, ஒட்டுண்ணியைத் தவறவிட்டிருப்பாளோ என்று நூறு நினைப்பு. எழுந்து ஓடாமல் இருக்கத்தான் அந்தக் கத்தியையும் வாழைக்காயையும் கையில் எடுத்தேன். அந்தக் கறை இன்னும் என் விரல் நகத்தை விட்டுப் போகவில்லை. மாலையில் அவள் பார்த்த கண்ணாடித் துண்டுகளில் சிலவற்றை எடுத்துத் திரும்பப் பார்ப்பேன். முதல் வாரம் இரண்டு தவறு. நான்காவது வாரம் ஒன்றுமில்லை. மடோக்கே உரித்த ஆறு வாரத்தில் நடந்தது இது.

இதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். வந்தும்விட்டது. "தர்மபுரியில நோயாளியே இல்லையா? ஆப்பிரிக்காவுக்குத்தான் போகணுமா?"

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருக்கும் சிட்லிங்கிக்கு 1993-ல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் வந்து ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். இரண்டு பேரும் கேரளாக்காரர்கள். கேரளத்தில் நோயாளியே இல்லையா என்று அவர்களை நம் ஊரில் யாராவது கேட்டோமா? அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் இன்று நம் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். நாம் குடிக்கிற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடன் கொடுத்தது. 2013-ல் தண்ணீர் வந்தபோது, ஜப்பான்காரன் தன் ஊரைப் பார்க்காமல் இங்கே ஏன் பணம் போடுகிறான் என்று யாரும் குடத்தைக் கவிழ்க்கவில்லையே. வெளியிலிருந்து நமக்கு வந்தால் சரி, நம் பெண் ஒருத்தி வெளியே போனால் மட்டும் தப்பா?

தண்ணீர் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. கிணற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் புட்டியில் பிடித்தார்கள். எங்கள் பற்களைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருந்தது, எனக்கும் இருந்தது. அவர்களில் ஒரு அக்கா புட்டியில் ஒட்டும் சீட்டில் என்னை எழுதச் சொன்னார். அந்த ஒரு நாள்தான் என்னை லேப் படிக்க வைத்தது. ஆனால் அவர்கள் திரும்பி வரவே இல்லை. பல்லைப் பழுப்பாக்கி எலும்பை வளைக்கும் ஃபுளோரைடு எங்கள் தண்ணீரில் எவ்வளவு இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கூட அனுப்பவில்லை. பெரியம்மா முதுகு வளைந்து, கையூன்றி எழுந்து நடந்த காலம் அது. பல வருடம் நான் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அக்காவை நினைத்திருக்கிறேன்.

ஒரு இடத்துக்கு வேலை செய்யப் போனவர் எப்படிக் கிளம்புகிறார் என்பது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறதா மாமா? ஒப்படைத்துவிட்டு வருவதும் வேலைதான். அதுதான் கஷ்டமான வேலை. 80 பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு பரிசோதனையையும் படம் போட்டு எழுதி வைத்தேன். சோலார் பேட்டரி மங்கினால் யாரைக் கூப்பிட வேண்டும், சாயம் தீரும் முன் எத்தனை நாளைக்கு முன்னால் கேட்க வேண்டும், எல்லாம்.

"ஒரு வருஷம் போயிட்டு வர்றவங்களால என்ன மாறிடப் போகுது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பாதி ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் தம்பி நான் வெளியே போய் உட்கார்ந்தேன். இன்னொருவர் "சும்மாவா போனீங்க, காசு குடுத்தாங்கல்ல" என்கிறார். கொடுத்தார்கள். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும். அதில் என்ன மறைக்க இருக்கிறது?

மற்றப் படங்களையும் விடவில்லை. ஊர் ஊராகச் சாப்பிட்ட படம், நிலநடுக்கோட்டில் நின்ற படம். கயாப்வே என்ற இடத்தில் கம்பாலா ரோட்டின் மேலேயே அந்தக் கோடு போகிறது. ஊருக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து நிமிடம் நின்றேன். ஐந்து நிமிடம்.

சாப்பிட்டது உண்மை. கடைசி மூன்று வாரம் தினமும் ஒரு வீட்டில் சாப்பாடு. கூப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போகாமல் வருவது நம் ஊரில் வழக்கமா? அவர்கள் கொடுத்தனுப்பிய பாத்திரங்களை வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அங்கே கிடைத்த வெல்லத்தில் கடலை உருண்டை பிடித்து ஒவ்வொரு பாத்திரத்திலும் வைத்துக் கொடுத்தேன்.

எனக்கு உண்மையில் வலித்தது அந்தச் சிரிப்பு இல்லை. அதற்குக் கீழே ஒருவர், "அவங்க சாப்பாட்டை எப்படித்தான் சாப்பிட்டியோ" என்று எழுதி ஒரு முகச்சுளிப்புப் படம் போட்டிருந்தார். அவர்கள் சாப்பாடு என்ன தெரியுமா? கலோ. கேழ்வரகு மாவு, கூடவே குச்சிக்கிழங்கு மாவு, கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் துடுப்பால் கிண்டி, மூடி போட்ட சின்னக் கூடையில் சூடாக வைப்பார்கள். களி! நம் களி. கேழ்வரகே அந்தக் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் தோன்றி, பல ஆயிரம் வருடங்களுக்கு முன் இங்கே வந்த தானியம். பென்னாகரத்திலும் தேன்கனிக்கோட்டையிலும் நம் பாட்டிகள் எதைத் தின்று பிள்ளை பெற்றார்களோ, அதை உங்களுக்குக் கொடுத்த மண் அது. அந்தச் சாப்பாட்டைப் பார்த்தா முகம் சுளிக்கிறீர்கள்? என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். எனக்குச் சோறு போட்ட வீட்டைப் பற்றி எழுதாதீர்கள்.

1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து இந்தியர்களை 90 நாளில் துரத்தினானே, அது தெரியாதா என்று கேட்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். தெரியும். துரத்தியவன் ஒரு ராணுவ சர்வாதிகாரி. எனக்குக் களி கிண்டிப் போட்ட அம்மா அப்போது கைக்குழந்தை.

கிளம்பிய அன்று அந்த அம்மா மெயின் ரோடுவரை என் பையைத் தலையில் வைத்து நடந்து வந்தார். விருந்தாளியைப் பாதி வழிவரை கொண்டுபோய் விட வேண்டும் என்பது அவர்கள் பழக்கம். நான் "வெபாரே முனோங்கா" என்றேன். மிக்க நன்றி என்று அர்த்தம். அதற்கு மேல் அவர்கள் பாஷையில் எனக்கு வார்த்தை வரவில்லை.

பெங்களூரில் இறங்கி, கிருஷ்ணகிரி வழியாக வீட்டுக்கு வந்து 12 நாள் ஆகிறது. மாமா, நீங்கள் ஒரு தடவைகூட நேரில் வந்து "எப்படிம்மா இருந்தது" என்று கேட்கவில்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதான் இருக்கிறது.

படத்தை எடுக்கச் சொல்லி அம்மாவிடம் ஆள் விட்டிருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். இதை எழுதும்போது இங்கே காலை 11 மணி, அங்கே எட்டரை. அவள் லேபைத் திறந்து மைக்ராஸ்கோப்பின் உறையை எடுத்திருப்பாள்.