கேட்டவர் மீது பிரேரணை

1981 ஜூலையில், கொழும்பு காலிமுகத்திடலில் கடலைப் பார்த்தபடி நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடத்தில், ஓர் அரசாங்கம் எதிர்க்கட்சித் தலைவர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்றியது. அரசாங்கத்தின் மீது எதிர்க்கட்சி கொண்டுவருவதுதான் நம்பிக்கையில்லாப் பிரேரணை என்று பாடசாலையில் படித்திருந்த எனக்கு, இதை முதன்முதலில் அப்பா சொன்னபோது அவர் ஏதோ மாற்றிச் சொல்கிறார் என்றே பட்டது. அவர் மாற்றிச் சொல்லவில்லை. அந்த எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கம். அப்போது அப்பா ஓர் இளம் ஆசிரியர். வானொலியில் செய்தி முடிந்த பிறகும் வீட்டில் ஒருவரும் எழுந்து போகவில்லை என்றும், ஆச்சி மட்டும் “கேட்டதுக்கு மறுமொழி சொல்லேலாதவை கேட்ட ஆளை அடிக்கிறதுதானே” என்று சொல்லிவிட்டு விளக்கைத் தணித்தார் என்றும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் சபையில் கேள்வி எழுப்பும் காணொளி கைபேசியில் வரும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் அந்த வசனம்தான் நினைவுக்கு வருகிறது.

அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரான சூழலே வழமைக்கு மாறானது. 1977 ஜூலைத் தேர்தலில் 168 ஆசனங்களில் 140ஐ ஐக்கிய தேசியக் கட்சி கைப்பற்றியது. அதுவரை ஆட்சியிலிருந்த ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 8 ஆசனங்களுக்குச் சுருங்க, 18 ஆசனங்களைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சியானது. ஆறில் ஐந்து பங்கு பலத்தோடு அமர்ந்திருக்கும் அரசாங்கத்தை வாக்கெடுப்பில் எவராலும் அசைக்க முடியாது என்பது முதல் நாளிலேயே தெரிந்திருந்தது. எஞ்சியிருந்த ஒரே கருவி, எழுந்து நின்று கேட்பதும் கேட்டதைப் பாராளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்ட்டில் பதியச் செய்வதும்தான். அந்த ஆகஸ்டிலேயே தமிழர்கள் மீது வன்முறை வெடித்தபோது அதைச் சபையில் எழுப்பும் பொறுப்பு அவருக்கு வந்து சேர்ந்தது. அன்று பிரதமராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன, சண்டை வேண்டுமானால் சண்டை, சமாதானம் வேண்டுமானால் சமாதானம் என்று நாட்டு மக்கள் சொல்வார்கள் எனப் பதிலளித்தார். அது தன்னுடைய கூற்றல்ல, மக்களின் கூற்று என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். நாட்டை ஆளும் பொறுப்பிலுள்ளவர் தம் பதிலை மக்கள் மீது ஏற்றிவிட்டு விலகிக்கொள்வது விடையாகாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

பிறகு 1981 மே 31 இரவும் அதையடுத்த நாட்களும் வந்தன. யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும், ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும், யாழ்ப்பாணப் பாராளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடும், கூட்டணியின் அலுவலகமும் எரிக்கப்பட்டன. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்த அந்த வேளையில் அமைச்சர்கள் இருவர் யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருந்தனர். எரித்தவர்கள் யார், தடுக்க வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள், பொலிஸாரை அங்கே கொண்டுபோய்க் குவித்தவர் யார் என்ற கேள்விகள் எதிர்க்கட்சித் தலைவரிடமிருந்து வராவிட்டால் வேறு யாரிடமிருந்து வரும்? விசாரித்து விடை சொல்ல வேண்டிய அரசாங்கம், இரண்டு மாதங்களுக்குள்ளேயே கேட்டவர் மீது பிரேரணையைக் கொண்டுவந்தது. எதிர்க்கட்சித் தலைவர் சபையின் நம்பிக்கையால் பதவி வகிப்பவர் அல்லர். ஆகவே அந்தப் பிரேரணைக்குச் சட்டப்படி எந்த விளைவும் இருக்கவில்லை, அவர் பதவியில் தொடர்ந்தார். ஆனால் இவ்வாறு கேட்பவர்களுக்கு இதுதான் நடக்கும் என்பதை நாடு முழுவதற்கும் அறிவிக்க அது போதுமானதாக இருந்தது. அடுத்த மாதம் இரத்தினபுரிப் பக்கத்தில் மலையகத் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் 1983 ஜூலை இனக்கலவரம் வந்தது. அதன் பின் கொண்டுவரப்பட்ட அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் கோரிய, தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற சத்தியத்தைச் செய்ய மறுத்துச் சபைக்குச் செல்லாதிருந்த கூட்டணி உறுப்பினர்கள் தம் ஆசனங்களை இழந்தார்கள். இதற்கிடையில், 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பின் மூலம், தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தின் ஆயுள் ஆறு ஆண்டுகள் நீட்டப்பட்டிருந்தது. கேள்வி கேட்கும் வரிசையைப் படிப்படியாக வெறுமையாக்கிவிட்டு, வடக்கின் இளைஞர்கள் பாராளுமன்றத்தை ஏன் நம்பவில்லை என்று பிற்காலத்தில் வியப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது.

அமிர்தலிங்கத்தோடு 1977இல் முதன்முறை சபைக்குள் நுழைந்த திருகோணமலை உறுப்பினர் இரா. சம்பந்தன், 38 ஆண்டுகள் கழித்து, 2015 செப்டெம்பரில் அதே பதவிக்கு வந்தார். அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி எம்மவர்களுக்குள் இன்றும் வாதம் ஓயவில்லை. எதிர்க்கட்சித் தலைவராக இருந்துகொண்டே வரவுசெலவுத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார், அரசாங்கத்துக்கு முண்டு கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு வெறும் பழியல்ல. புதிய அரசியலமைப்பு வரும் என்ற எதிர்பார்ப்பில் அவர் தம் குரலைத் தாழ்த்தி வைத்திருந்தார் என்றே நானும் நினைக்கிறேன். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கொட்டகை போட்டு அமர்ந்தபோது நான் அங்கே போயிருந்தேன். ஒரு தாய், பிளாஸ்டிக் உறையிட்ட மகனின் படத்தை, வெயிலில் நிறம் போய்விடுமென்று சேலைத் தலைப்பால் மூடி வைத்திருந்தார். யாராவது புகைப்படக் கருவியோடு வரும்போது மட்டும் தலைப்பை விலக்குவார். “சம்பந்தன் ஐயா கேட்டவரோ? என்ன மறுமொழி சொன்னவையாம்?” என்று அவர் என்னிடம் கேட்டார். சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

ஆனால் சம்பந்தனுக்குரியதை அவருக்குக் கொடுக்காமல் விடுவதும் நியாயமல்ல. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி பிரதமர் திடீரென மாற்றப்பட்டு, நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றமும் கலைக்கப்பட்டபோது, அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற மனுதாரர்களில் எதிர்க்கட்சித் தலைவரும் ஒருவர். கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏழு நீதியரசர்களும் டிசம்பர் 13ஆம் திகதி ஒருமனதாகக் கூறிய அந்தத் தீர்ப்பு இன்றும் அவருடைய பெயராலேயே வழங்கப்படுகிறது. தன் மக்களின் கேள்விகளுக்கு உரிய விடை தராத ஒரு சபையை, அது இருந்தால்தானே நாளைக்காவது கேட்கலாம் என்ற நிலையில் நின்று அவர் காப்பாற்றினார். தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே எதிர்க்கட்சித் தலைவர் பதவி அவர் கையை விட்டுப் போனது.

இன்று 225 ஆசனங்களில் 159ஐத் தேசிய மக்கள் சக்தி வைத்திருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவின் ஐக்கிய மக்கள் சக்திக்கு 40. இந்த அரசாங்கத்தை 1977 அரசாங்கத்தோடு நான் சமப்படுத்தவில்லை. சபாநாயகராகத் தெரிவான அசோக ரன்வல, தம் கலாநிதிப் பட்டம் குறித்துக் கேள்வி எழுந்தபோது 2024 டிசம்பர் 13ஆம் திகதி பதவி விலகினார். அது கேள்விக்கு இன்னமும் பலம் இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிய எந்த அரசாங்கத்துக்கும் ஒரு நோய் வரும்: மக்கள் எங்களுக்குத்தான் வாக்களித்தார்கள், நீங்கள் யார் கேட்பதற்கு என்ற நோய். கட்சித் தலைவர்கள் அவசரப் பொது விடயங்களில் அமைச்சர்களிடம் விடை கேட்க இடமளிக்கும் சபை விதியான நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் எதிர்க்கட்சித் தலைவர் ஒரு விடயத்தை எழுப்பும்போது, உங்கள் ஆட்சியில் என்ன செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்பது அந்த நோயின் முதல் அறிகுறி. முன்னைய ஆட்சி செய்த பிழை இன்றைய அமைச்சரை விடை சொல்லும் கடமையிலிருந்து விடுவிக்காது. அவகாசம் கோருவதில் தவறில்லை, தரவுகளைத் திரட்ட நாட்கள் தேவைதான். ஆனால் எந்தத் திகதியில் விடை தரப்படும் என்பதைச் சபாநாயகர் அங்கேயே கேட்டுப் பதியச் செய்ய வேண்டும், அந்தத் திகதி தவறினால் அமைச்சர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும்.

எதிர்க்கட்சித் தலைவரிடமும் எனக்கொரு கோரிக்கை உண்டு. எரிபொருள், அரிசி, மின்கட்டணம் குறித்தெல்லாம் நீங்கள் கேட்கிறீர்கள், கேட்கத்தான் வேண்டும். அதே 27(2)இன் கீழ், காணாமல் போனோர் அலுவலகத்துக்கு வந்த முறைப்பாடுகளில் எத்தனைக்கு விசாரணை முடிந்தது, எத்தனை குடும்பங்களுக்கு எழுத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது, எஞ்சியவற்றுக்கு எந்தத் திகதி என்ற மூன்று கேள்விகளை, மாவட்ட வாரியாக விடை கோரி எழுப்புங்கள். தெற்கிலிருந்து வந்த ஓர் எதிர்க்கட்சித் தலைவர் அதைச் சிங்களத்தில் கேட்டு ஹன்சார்ட்டில் பதியச் செய்தால், அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய், அந்தத் தாய்க்குத் தமிழில் வாசித்துக் காட்ட நான் தயாராக இருக்கிறேன்.