'மினியன்' என்ற சொல்லுக்கும் நாஜிக்களுக்கும் சம்பந்தமே இல்லை

நாஜிக்கள் விஷவாயு சோதனைக்குப் பயன்படுத்திய யூத அனாதைக் குழந்தைகளைத்தான் 'மினியன்' என்று அழைத்தார்கள், மஞ்சள் கார்ட்டூன் பொம்மைகள் அவர்களை வைத்து உருவானவைதான் என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தோடு 2015-லிருந்து ஒரு கதை சுற்றுகிறது. முழுப் பொய். படத்தில் இருப்பவர்கள் குழந்தைகளே இல்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சுமார் 1908-இல், மூழ்கும் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தப்பிப்பதற்கான உடையையும் உருண்டைத் தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு நிற்கும் பிரிட்டிஷ் கடற்படைக்காரர்கள்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? ஜெர்மனில் இருந்து அல்ல. பிரெஞ்சில் 'மின்யோன்' என்றால் செல்லமானவர். பிரான்சை 1574 முதல் 1589 வரை ஆண்ட மூன்றாம் ஹென்றியைச் சுற்றியிருந்த பிரியத்துக்குரிய இளைஞர்களை எதிரிகள் அப்படித்தான் ஏளனம் செய்தார்கள். ஆங்கிலத்திலும் அரசரின் செல்லப்பிள்ளை என்பதில் தொடங்கி, அப்புறம் தலைவன் சொன்னதற்கெல்லாம் ஆடுகிற கைத்தடி, நம் பேச்சில் அல்லக்கை, என்று பொருள் இறங்கிவிட்டது. 2010-இல் வந்த கார்ட்டூன் படத்தில் வில்லனின் எடுபிடிகளாக வரும் அந்த மஞ்சள் பொம்மைகளுக்கு அந்தப் பெயர் வைத்ததும் அதனால்தான்.

நாஜிக்கள் ஏறத்தாழ 15 லட்சம் யூதக் குழந்தைகளை உண்மையிலேயே கொன்றார்கள். அந்தச் சாவுகளோடு ஒரு பொம்மைக் கதையை ஒட்டுவது கொடுமை. தயவுசெய்து அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பகிராதீர்கள்.