எலியைத் தனியாக வளர்க்காதீர்கள்

போன சனிக்கிழமை, கூண்டுக்குள் பரப்பும் காகிதத் துகள் வாங்க தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அப்பாவும் எட்டு ஒன்பது வயது மகளும் நின்றார்கள். பாம்புக்கு இரையாக எலி விற்கும் கண்ணாடித் தொட்டியில் ஒரு வெள்ளை எலியை அந்தக் குழந்தை கைகாட்டியது. கடைக்காரர் அதை வாலைப் பிடித்துத் தூக்கி அட்டைப் பெட்டிக்குள் போட்டார். "ஒன்று போதும். தனியாக இருந்தால்தான் உங்களோடு ஒட்டும்" என்றார். நான் குறுக்கே புகுந்து, "ஐயா, இரண்டாக வாங்குங்கள், அதைத் தனியே விடாதீர்கள்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். பெட்டியின் காற்றுத் துளையில் ஒரு மூக்கு தெரிந்தது.

ஒரு வாரமாக அந்த மூக்கு என் கண்ணை விட்டுப் போகவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இன்னொரு கடையில் அதே வார்த்தையை என்னிடமும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அப்படி வந்தவள்தான் சுண்டல். தலையும் தோளும் கறுப்பு, மீதி உடம்பு வெள்ளை. என் மகள் பெயர் வைத்தாள். பெரிய கூண்டு, சுழல் சக்கரம், விதவிதமான தீனி என்று ஒரு குறையும் வைக்கவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் மகளின் தோளில் உட்கார்ந்திருப்பாள். மீதி இருபத்து மூன்று மணி நேரம் அவள் என்ன செய்தாள் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. மூலையில் சுருண்டு கிடப்பாள். கூண்டுக் கம்பியை ஒரே இடத்தில் கடித்துக்கொண்டிருப்பாள். ஆறாவது வாரம் ஒரு காலையில் மகள் அலறினாள். சுண்டலின் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக வழிந்திருந்தது.

முதலில் பார்த்த மருத்துவர், "எலிதானே, இதற்குப் போய்ச் செலவு செய்கிறீர்களா?" என்றார். இரண்டாவது மருத்துவர் பொறுமையாகப் பார்த்தார். அது ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் நீரில் போர்ஃபிரின் என்ற சிவப்பு நிறப்பொருள் கலந்திருக்கும். நலமாக இருக்கும் எலி அதை உடனுக்குடன் துடைத்துவிடும். நோயிலோ மன நெருக்கடியிலோ இருக்கும் எலிக்கு அது மிகுதியாகச் சுரந்து முகத்தில் காய்ந்துவிடும். நுரையீரலைப் பரிசோதித்தார், சுத்தமாக இருந்தது. பிறகு கேட்டார்: "கூட எத்தனை எலி இருக்கிறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

வெல்லமும் கடலையும் வந்தது அதற்குப் பிறகுதான். இரண்டும் ஏழு வாரக் குட்டிகள், இரண்டும் பெண். (இதை நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். ஐந்து வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும், மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும்.) இரண்டு வாரம் வேறு அறையில் வைத்து நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, யாருடைய வாசனையும் இல்லாத குளியல் தொட்டியில் மூன்றையும் சேர்த்து விட்டோம். சுண்டல் முடியைச் சிலிர்த்துக்கொண்டு பக்கவாட்டாக நகர்ந்து வந்தாள். குட்டிகளை மல்லாக்கத் தள்ளி அழுத்தினாள். அவை கீச்சிட்டன. மகள் கையை விடப் போனாள், நான் தடுத்தேன். ரத்தம் வராதவரை அது சண்டை இல்லை, யார் பெரியவர் என்று பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான்காம் நாள் விடியற்காலையில் கூண்டைப் பார்த்தபோது மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எது யாருடைய வால் என்று தெரியவில்லை. சுண்டலின் முகம் சுத்தமாக இருந்தது. அவளால் எட்ட முடியாத காது மடலுக்குப் பின்னால் கடலை நக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று எனக்குப் புரிந்தது: அத்தனை வாரமும் நான் வளர்த்தது முழு எலி இல்லை. எலியின் வாழ்க்கை இன்னொரு எலியோடு நடப்பது. ஒன்று வாயைக் கழுவினால் இன்னொன்று அதன் மூஞ்சியைப் பிடித்துக்கொண்டு என்ன தின்றாய் என்று விசாரிக்கும். ஒன்றின் பட்டாணியை இன்னொன்று பறித்துக்கொண்டு ஓடும். பறிகொடுத்தது அடுத்த நொடியே கோபத்தை மறந்து அதன் முதுகின்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். விளையாட்டுச் சண்டையில் இலக்கு எப்போதும் பிடரிதான். பிடரியில் மூக்கை வைத்துவிட்டால் வெற்றி. எங்கள் வீட்டில் மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை இதே ஆர்ப்பாட்டம்தான்.

சேமிக்கும் புத்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. தட்டில் வைத்த உணவை மூன்று நிமிடத்தில் காலி செய்து மூலையில் கொண்டுபோய் மூடிவைத்துவிட்டு, பசியோடு இருப்பதுபோல வந்து நிற்பார்கள். கூண்டைச் சுத்தம் செய்யும்போது அந்தக் களஞ்சியத்தை முழுவதும் எடுக்கக் கூடாது. கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று முழுவதும் தேடிக்கொண்டே இருப்பார்கள், பார்க்கப் பாவமாக இருக்கும்.

மடியில் வைத்துக் காதோரம் தடவினால் வெல்லம் பற்களை நறநறவென்று உரசுவாள். வெட்டுப்பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் உரசித் தேய்ப்பது தேவைதான். ஆனால் நிம்மதி முற்றும்போதும் இதைச் செய்வார்கள். தாடைத் தசை கண்ணுக்குப் பின்னால் ஓடுவதால் அப்போது கண்கள் வெளியே வந்து உள்ளே போகும். முதன்முறை பார்ப்பவர்கள் வலிப்பு என்று பதறிவிடுவார்கள். வலியிலும் பல் உரசும் எலி உண்டு. உடம்பு தளர்ந்திருக்கிறதா, குன்றிப்போயிருக்கிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

அவர்கள் சிரிப்பதும் உண்மை. நம் காதுக்குத்தான் எட்டாது. நமக்கு அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். எலி மகிழ்ச்சியில் எழுப்பும் ஒலி 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர் 1990களின் பிற்பகுதியில் எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டி இதைப் பதிவு செய்தார். கடலைக்கு நான் பிடரியில் விரலை ஓட்டிவிட்டுக் கையை எடுத்தால், கையைத் துரத்திக்கொண்டு ஓடிவருவாள். 2011இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையை எண்ணும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். குழாயில் அடைபட்ட கூட்டாளியை வெளியே இருந்த எலி கதவைத் திறந்து விடுவித்தது; பக்கத்தில் சாக்லேட் துண்டுகள் இருந்தபோதும் விடுவித்தது, பல சமயம் சாக்லேட்டிலும் பங்கு விட்டுவைத்தது. இப்படிப்பட்ட உயிரைத்தான் தனியாக ஒரு பெட்டிக்குள் போட்டு, "உங்களோடு ஒட்டும்" என்கிறார்கள். ஒட்டாமல் என்ன செய்யும்? வேறு யார் இருக்கிறார்கள்?

சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கத்தான் செய்தார்கள். அம்மாதான் முதலில். டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில், கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான பாரக்ஸில் பிறந்து வளர்ந்தவர் அவர். இரவில் எலி கால் விரலைக் கடித்ததும் அரிசி மூட்டையைக் கிழித்ததும் கண்டவர். "எலிக்குப் பெயர் வைத்துச் சோறு போடுகிற காலமும் வந்துவிட்டதா?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. தெருவெலி நோயைப் பரப்பும், அதன் மூத்திரம் கலந்த நீரால் எலிக் காய்ச்சல் வரும். கூண்டில் வளர்க்கும் எலியும் அதே ரேட்டஸ் நார்வேஜிகஸ் இனம்தான் என்றாலும், தலைமுறை தலைமுறையாக மனிதர் கையில் பிறந்து வந்தது. 1901இலேயே இங்கிலாந்தின் எயில்ஸ்பரியில் செல்ல எலிகளைக் கண்காட்சியில் வைத்திருக்கிறார்கள். பெரியம்மா ஒருவர் என்னைத் தாங்குவதற்காக, "பிள்ளையார் வாகனம்தானே, இருக்கட்டும்" என்றார். அன்புக்கு நன்றி. ஆனால் மூஞ்சூறு எலியே இல்லை; பூச்சி தின்னும் வேறு வகை உயிர். சாமியின் பெயரால் எலிக்கு மன்னிப்பு வாங்க நான் விரும்பவில்லை. அது எலியாக இருப்பதே போதும்.

"ஊரே எலியால் அவதிப்படுகிறது" என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிளேக் வந்தபோது, குப்பையையும் சாக்கடையையும் பல வருடம் கவனிக்காமல் விட்ட நகராட்சி, இந்தியர் குடியிருப்பைக் காலி செய்து நெருப்பு வைத்தது. 2024இல் அதே ஜோகன்னஸ்பர்க்கின் சொவெட்டோவில், நலேடி என்ற பகுதியில் ஆறு குழந்தைகள் டெர்புஃபோஸ் என்ற பயிர்ப் பூச்சிக்கொல்லி நஞ்சால் இறந்தார்கள். எலித் தொல்லை தாங்காத மக்கள் தெருவில் வாங்கிப் பயன்படுத்தும் நஞ்சு அது. குப்பை அள்ளப்படாத இடத்தில் எலி பெருகும். அதற்குக் கேட்க வேண்டிய கேள்வியை எலியிடம் கேட்டுப் பயனில்லை.

அம்மாவின் மனம் எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. ஒரு ஜனவரி மதியம், டர்பன் புழுக்கத்தில் மின்வெட்டு வேறு. எலிக்கு வியர்க்காது, வாலின் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும், வெப்பம் ஏறினால் சில மணி நேரத்திலேயே செத்துப்போகும். நான் வேலையிலிருந்து பதறிக்கொண்டு வந்தேன். அம்மா தண்ணீர்ப் போத்தலை உறையவைத்துத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்திருந்தார். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் ஊற்றி, உறைந்த பட்டாணியை மிதக்கவிட்டிருந்தார். மூன்றும் முன்னங்காலை நனைத்து நனைத்துப் பட்டாணி பிடித்துக்கொண்டிருந்தன. இன்று கூண்டில் தொங்கும் தூளிகள் எல்லாம் அம்மாவின் பழைய பருத்திப் புடவையில் தைத்தவை. புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டுக்குள் முட்டை வராது. ஆனால் நோயுற்ற சுண்டலுக்காகப் பக்கத்து வீட்டில் ஒரு முட்டையை வேகவைத்து வாங்கிவந்து வாசலில் வைத்து ஊட்டியவரும் அம்மாதான்.

சுண்டல் இரண்டு வருடம் மூன்று மாதம் இருந்தாள். பெண் எலிகளுக்கு அடிக்கடி வரும் மார்புக் கட்டி. ஒருமுறை அறுவை செய்தோம், மறுபடி வந்தது. எலி வாழ்வதே இரண்டு மூன்று வருடம்தான். இதைக் குழந்தையிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவள் இறந்ததும் உடம்பைச் சிறிது நேரம் கூண்டிலேயே விட்டோம். மற்ற இருவரும் முகர்ந்தார்கள். வெல்லம் அவள் முகத்தைக் கழுவினாள். பிறகு தூளிக்குப் போய்விட்டார்கள். இரண்டு நாள் களஞ்சியத்தில் எதுவும் சேரவில்லை.

போன மாதம் கடலையும் போனாள். மூச்சுக்குழல் நோய். வெல்லம் ஒருத்தியாகிவிட்டாள். வயதாகிப் பின்னங்கால் இழுக்கிறது. இனி வேண்டாம், இந்த வலியை நிறுத்திக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒன்பது நாள் தாங்கினேன். கண்ணோரத்தில் சிவப்பைப் பார்த்ததும் அவலும் பொரியும் வந்துவிட்டார்கள். இப்போது இதை எழுதும்போது, அந்த இரண்டு போக்கிரிகளும் கிழவியின் இருபுறமும் அடைகாப்பதுபோல் படுத்திருக்கிறார்கள்.

அந்தச் சிறுமியின் அப்பாவை உங்களில் யாருக்காவது தெரிந்தால் இதைக் காட்டுங்கள். நான் அவரைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த வெள்ளை எலி பெண்ணாக இருந்தால், இரண்டாவது எலிக்கான பணத்தை நானே தருகிறேன். சுண்டல் முதலில் இருந்த கூண்டும் வீட்டில் சும்மாதான் இருக்கிறது. தூளிக்கு அம்மாவிடம் இன்னும் இரண்டு பழைய புடவைகள் இருக்கின்றன.