ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலே "டிஸ்ப்ளே போச்சு"ன்னு எப்படிச் சொல்றீங்க?

கடைப் பையன் என் லேப்டாப் மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "டிஸ்ப்ளே போச்சுக்கா. மாத்தணும். 7,500 ஆகும்." தென்காசிக் கடையில நடந்த செக்கிங் அவ்வளவுதான். அதுக்கு 200 ரூபாய் பில். ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழட்டலை.

எனக்கு வயிறு எரியுது. செங்கோட்டையில இருந்துக்கிட்டு, இந்தப் பக்கமும் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கமும் சேர்த்து பதினொரு கடைக்குக் கணக்கு எழுதுறேன். லேப்டாப் மக்கர் பண்ணினது 17ஆம் தேதி சாயந்தரம். 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி 3பி, அதான் மாசாமாசம் போடுற வரிக் கணக்கு, போட்டாகணும். தவறினா ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம், அதுவும் என்னை நம்பின கடைக்காரங்க தலையில.

தென்காசியை விட்டு மறுபஸ் பிடிச்சுப் புனலூர் போனேன். அங்கயும் அதே கதைதான். "டிஸ்ப்ளே போயி சேச்சி, மாற்றணம்." விலை 8,200. மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்ல சொன்னாங்க, அந்தப் பக்கம் மலையாளத்துல சொன்னாங்க. பின்பக்கத்தைத் திறந்து பாக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணலை.

நான் சொன்னதையும் காதுல வாங்கலை. "தம்பி, மூடியைப் பாதி திறந்தா படம் நல்லாத் தெரியுது. முழுசாத் திறந்தாத்தான் பச்சைக் கோடு ஓடி, நடுங்கி, அணைஞ்சுபோகுது"ன்னு ரெண்டு இடத்துலயும் சொன்னேன். செத்துப்போன ஸ்க்ரீன் மூடியைச் சாய்ச்சா உயிர் பெறுமா? கோணம் மாறினா கோளாறும் மாறுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தானே! மதர்போர்டுல இருந்து கீல் வழியா ஸ்க்ரீனுக்குப் போற மெல்லிசான கேபிள் அது. நாம மூடியைத் திறந்து மூடுற ஒவ்வொரு தடவையும் அது மடங்கி நிமிருது. அஞ்சு வருஷம் மடங்கினா நைஞ்சு போகாதா? எங்க ஊர்ல சாரல் மாசம் வந்தா துவைச்ச துணி மூணு நாளைக்கு ஈரமா கிடக்கும். அந்த ஈரம் கேபிள் முனையில இருக்கிற கனெக்டர் பின்னையும் சும்மா விடாது.

வீட்டுக்கு வந்ததும் ஹெச்டிஎம்ஐ வயரை எடுத்து டிவியில சொருகினேன். படம் கண்ணாடி மாதிரி வந்துச்சு. அப்போ கிராபிக்ஸ்ல கோளாறு இல்லை. ஆன் பண்ணினதும் வர்ற கம்பெனி லோகோ லேப்டாப்புல நடுங்கிச்சு, அப்போ விண்டோஸ் மேலயும் தப்பில்லை. ரெண்டே நிமிஷ வேலை. கடையில இதைச் செய்ய என்ன கேடு?

மறுநாள் ஐடிஐ படிக்கிற என் தம்பி மகனைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். அந்த மாடலோட சர்வீஸ் மேனுவல் இணையத்துல இலவசமாவே கிடைச்சுது. சார்ஜரை எடுத்துட்டு, பின்மூடியைக் கழட்டி, முதல்ல பேட்டரி கனெக்டரைப் பிரிச்சோம். இதை மட்டும் யாரும் விட்டுடாதீங்க, கரண்டு இருக்கும்போது டிஸ்ப்ளே கேபிளைத் தொட்டா போர்டே போகலாம். உள்ளே மிச்சமிருக்கிற கரண்டு வடியட்டும்னு பவர் பட்டனை இருபது செகண்ட் அழுத்திப் பிடிச்சோம். ஸ்க்ரீனைச் சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் சட்டத்தை பழைய ஏடிஎம் கார்டால நெம்பி எடுத்து, நாலு ஸ்க்ரூவைக் கழட்டி, கீபோர்டு மேல துண்டு விரிச்சு ஸ்க்ரீனைக் கவுத்தோம். கனெக்டர் மேல டேப், அதுக்குக் கீழ சின்னக் கம்பிக் கொக்கி. கொக்கியைத் தூக்கிட்டு கனெக்டரைப் படுக்கை வாட்டுல இழுக்கணும், மேல் பக்கமா பிடுங்கினா பின் உடைஞ்சிரும்.

பின்னு எல்லாம் மங்கிப்போய்க் கிடந்துச்சு. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிசு பிரஷ்ல தொட்டுத் துடைச்சு, நல்லாக் காய விட்டு, திரும்ப மாட்டினோம். மதர்போர்டு பக்க முனையையும் அப்படியே செஞ்சோம். படம் வந்துச்சு! முழுசாத் திறந்தா மட்டும் லேசா ஒரு நடுக்கம். கீலுக்குள்ள கேபிள் நைஞ்சிருந்தது கண்ணுக்கே தெரிஞ்சுது. கேபிள் மேலயே பார்ட் நம்பர் அச்சடிச்சிருக்கு, அதைப் போட்டு ஆர்டர் பண்ணினேன். 650 ரூபாய். நாலு நாள்ல வந்துச்சு, மாட்டியாச்சு, நடுக்கமே இல்லை. நடுவுல 20ஆம் தேதி வேலையை டிவியில மாட்டியே முடிச்சேன்.

எல்லா ஸ்க்ரீனையும் இப்படிக் காப்பாத்தலாம்னு நான் சொல்லலை. கண்ணாடி விரிஞ்சிருந்தாலோ, மை கொட்டின மாதிரி கறுப்பு பரவினாலோ ஸ்க்ரீனை மாத்தத்தான் வேணும். மூடியை எப்படி ஆட்டினாலும் ஒரே கோடு அசையாம நின்னாலும் பெரும்பாலும் அதே கதைதான். ஆனா இருட்டான ஸ்க்ரீன் மேல டார்ச் அடிச்சா உள்ளே படம் மங்கலாத் தெரியுதா? அப்போ படத்துக்குப் பின்னால எரியுற பேக்லைட்டுக்குக் கரண்டு போகலைன்னு அர்த்தம், அதுக்கும் கேபிளோ ஒரு ஃபியூஸோ காரணமா இருக்கலாம். பாத்துட்டுச் சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்.

நான் இவ்வளவு கொதிக்கிறதுக்குக் காரணம் என்கிட்ட கேட்ட 7,500 மட்டும் இல்லை. 2011ல அரசாங்கம் ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல பக்கத்து வீட்டுப் பொண்ணு வாங்கினது பரண்ல கிடந்துச்சு. "டிஸ்ப்ளே போச்சுன்னு கடையில சொன்னாங்க, அவ்வளவு காசுக்கு எங்க போக"ன்னு அவ அம்மா சொன்னாங்க. கல்லூரி ப்ராஜெக்ட் முழுக்க அந்தப் பிள்ளை பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அடிச்சிருக்கு. போன வாரம் அதை இறக்கி டிவியில மாட்டினேன். படம் வருது! அத்தனை வருஷம் பரண்ல!

2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வாங்கின பொருளைத் தூக்கிப் போடாம சரிபண்ணிக்கிற ரிப்பேர் உரிமைக்குன்னே ஒரு இணையதளம் திறந்துச்சு. திறந்து என்ன? ரிப்பேர்க் கடையிலேயே ரிப்பேர் பாக்க மாட்டேங்குறாங்களே!

நேத்து அந்த 200 ரூபாய் பில்லை எடுத்துக்கிட்டு தென்காசிக் கடைக்கே போனேன். "செக்கிங் சார்ஜ் வாங்கினீங்களே, எதைச் செக் பண்ணீங்க?"ன்னு கேட்டேன். ஓனர் பில்லைப் பாத்தார், பையனைப் பாத்தார், வாயைத் திறக்கலை. பணமும் திரும்பி வரலை. நாளைக்கும் போவேன்.