அந்தத் தட்டு அவரைத் தாண்டிப் போயிருக்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். எழுபதைக் கடந்த ஒரு அம்மா, நம் சபை ஆராதனையில் இராப்போஜன அப்பத்துக்குக் கை நீட்டியிருந்தார். தட்டு அவருக்கு முன்னால் வந்து நின்றது. "முழுக்கு எடுத்தவங்களா?" என்று கேட்டார்கள். "குழந்தையில தெளிச்சாங்க ஐயா" என்றார். தட்டு அடுத்தவருக்குப் போய்விட்டது, நீட்டிய கை மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. ஆராதனை முடிந்ததும் அவரைத் தனியே அழைத்து, "நீங்க இன்னும் இரட்சிக்கப்படலம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். விசுவாசித்தவருக்கு முழுக்கு ஞானஸ்நானம், அதாவது தலையில் தெளிக்காமல் தண்ணீரில் முழுவதும் மூழ்கவைத்துக் கொடுப்பது, என்பதுதான் என் நிலைப்பாடு. ரோமர் 6 காட்டுகிற அடக்கமும் எழும்புதலும் முழுக்கில்தான் தெளிவாகத் தெரிகிறது. எனவே "இவர் தெளிப்புக்காரர், அதான் பேசுகிறார்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். முழுக்கை நம்புகிறவனாகவே சொல்கிறேன்: தண்ணீரின் அளவு சுவிசேஷம் ஆகாது.

எது பிரதானம் என்பதை நாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பவுலே அந்த வார்த்தையைப் போட்டு எழுதியிருக்கிறார். 1 கொரிந்தியர் 15:3-ல் "பிரதானமாக ஒப்புவித்தது" என்று சொல்லி, கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார் என்று அடுக்குகிறார். 17-ஆம் வசனத்தில் அதன் கனத்தையும் காட்டுகிறார்: கிறிஸ்து எழுந்திராவிட்டால் நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள். ஒரு உபதேசத்தை எடுத்துவிட்டால் இரட்சிப்பே இல்லாமல் போகுமா என்பதுதான் முதல் சோதனை. அதை மறுக்கிறவனை வேதமே வெளியே நிறுத்துகிறதா என்பது இரண்டாவது. கலாத்தியர் 1:8 அப்படி நிறுத்துகிறது, 1 யோவான் 4:3-ம் நிறுத்துகிறது. முழங்கால் அளவுத் தண்ணீரா, கழுத்தளவா என்பதற்கு அப்படி ஒரு வசனத்தை யாராவது காட்டட்டும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. அத்தியாவசியமும் இரண்டாம் நிலையும் இரண்டு தனித்தனிப் பெட்டிகள் இல்லை. ஒரே உபதேசத்துக்குள்ளேயே அந்தக் கோடு ஓடுகிறது. கிறிஸ்து மறுபடி வருவார் என்பது அத்தியாவசியம், ஆயிர வருட அரசாட்சிக்கு முன்பா பின்பா என்பது அப்படி இல்லை. தேவன் வானத்தையும் பூமியையும் படைத்தார் என்பது அத்தியாவசியம், ஆறு நாள்களின் நீளம் அப்படி இல்லை. ஞானஸ்நானம் ஆண்டவரின் கட்டளை, அதில் சந்தேகமே இல்லை. மூழ்குவதா ஊற்றுவதா என்பது அந்தக் கட்டளைக்குள் இருக்கிற முறை. கோட்டை எங்கே போடுவது என்று தெரியாதவர்கள் முழு உபதேசத்தையும் அப்படியே தூக்கி முதல் வரிசையில் வைத்துவிடுகிறார்கள். பிறகு முறையைத் தொட்டாலே கர்த்தரைத் தொட்டதாக ஆகிவிடுகிறது.

325-இல் நிசேயா நகரில் கூடிய சபைத் தலைவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். அவர்களுக்கு முன்னால் பெரிய வழக்குகள் இரண்டு இருந்தன. குமாரனாகிய கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸ் என்பவரின் போதனை ஒன்று. உயிர்த்தெழுந்த பண்டிகையை எந்த நாளில் ஆசரிப்பது என்ற நெடுங்காலச் சண்டை இன்னொன்று. இரண்டுக்குமே முடிவு சொன்னார்கள். ஆனால் விசுவாசப் பிரமாணத்துக்குள் போனது குமாரனைப் பற்றியது மட்டும். பண்டிகை நாளைப் பற்றிய முடிவு சபைகளுக்கு எழுதிய கடிதத்தோடு நின்றது.

"ஞானஸ்நானத்தைச் சின்ன விஷயம் என்கிறீரா?" என்று கேட்பார்கள். இல்லை. இரண்டாம் நிலை என்றால் அற்பம் என்று அர்த்தமில்லை. குழந்தைக்கு அல்ல, விசுவாசித்தவருக்கே ஞானஸ்நானம் என்ற நம்பிக்கைக்காகச் சூரிச்சில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527-இல் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். உயிரைக் கொடுக்கும் அளவுக்கு அது அவருக்கு முக்கியமாக இருந்தது. அதற்காகத் தனிச் சபையாக இருப்பதும் நியாயமே, ஏனென்றால் ஒரே சபையில் குழந்தைக்குக் கொடுக்கவும் செய்து மறுக்கவும் செய்ய முடியாது. ஆனால் தனிச் சபையாக இருப்பது வேறு, எதிரே நிற்கிறவரை நரகத்துக்குத் தீர்ப்பது வேறு.

"மாற்கு 16:16 இருக்கிறதே!" இருக்கிறது. அதே வசனத்தின் பின்பாதியையும் வாசியுங்கள். ஆக்கினைக்குள்ளாகிறவன் விசுவாசியாதவன்தான், அங்கே தண்ணீர் பேச்சே இல்லை. அப்போஸ்தலர் 10-இல் கொர்நேலியுவின் வீட்டில் பரிசுத்த ஆவி முதலில் இறங்கினார், தண்ணீர் பிறகுதான் வந்தது. கொரிந்துவில் கிறிஸ்பு, காயு, ஸ்தேவான் வீட்டார் தவிர வேறு யாருக்காவது ஞானஸ்நானம் கொடுத்தேனோ என்று பவுலுக்கே நினைவில்லை. இரட்சிப்பே அதில்தான் என்றால், யார் யார் இரட்சிக்கப்பட்டார்கள் என்பதை ஒரு அப்போஸ்தலன் மறப்பாரா?

முறைக்கே வருவோம். டிடாகே என்ற மிகப் பழைய சபைக் கையேடு ஓடுகிற தண்ணீரில் கொடுக்கச் சொல்கிறது. அது இல்லையென்றால் வேறு தண்ணீரில், குளிர்ந்தது இல்லையென்றால் வெதுவெதுப்பானதில், போதிய தண்ணீரே இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. விரும்பத்தக்க முறை ஒன்று அவர்களிடம் இருந்தது. அது கிடைக்காதவனை விசுவாசி இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை.

"அது எங்கள் சபை ஒழுங்கு" என்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஒத்துப்போக மாட்டேன், ஆனால் புரிந்துகொள்வேன். முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டும் பந்தி என்று பல சபைகள் உண்மையான மனச்சாட்சியோடு நடத்துகின்றன. அப்படியென்றால் அப்பத்தை எடுக்கும் முன்பே எல்லாருக்கும் பொதுவாக அறிவியுங்கள். கை நீட்டியபின் கேட்காதீர்கள். இந்த வாதமும் புதிதல்ல. முழுக்கை நம்பிய ஆங்கிலப் போதகர் ஜான் பனியனே, தண்ணீரைக் குறித்த வேறுபாடு பந்திக்குத் தடையாகக் கூடாது என்று 1673-இல் எழுதினார், தன் சகோதரர்களிடமே திட்டும் வாங்கினார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சொன்னது ஒழுங்கு இல்லை. "இரட்சிக்கப்படலம்மா" என்று சொன்னார்கள். சபைக் கட்டுப்பாடு பேசுகிறவர் அந்த வார்த்தையைத் தொடவே மாட்டார்.

இங்கேதான் என் மனம் ஆறவில்லை. பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்தார். இன்னொரு உடன் ஊழியன் தீத்துவுக்கும் செய்ய வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. அதே கத்தி, அதே செயல். தீமோத்தேயு விஷயத்தில் அது யூதரிடம் போக ஒரு வசதி. தீத்து விஷயத்தில் இரட்சிப்புக்கு நிபந்தனை ஆக்கப்பார்த்தார்கள். நிபந்தனை ஆன அந்த நிமிடத்திலேயே இரண்டாம் நிலைக் காரியம் முதல் நிலைச் சண்டையாகிறது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அத்தியாவசியத்தில் தவறியது யார்? குழந்தையில் தெளிக்கப்பட்டு, அறுபது வருடத்துக்கு மேல் இயேசுவே ஆண்டவர் என்று அறிக்கையிட்டு வந்த அந்த அம்மாவா? கிறிஸ்துவின் இரத்தத்தோடு ஒரு தொட்டித் தண்ணீரையும் சேர்த்து நிபந்தனை வைத்தவர்களா? உபதேசச் சுத்தத்துக்காகவே இதைச் செய்தோம் என்கிறீர்கள். அந்தச் சுத்தத்தைத்தான் நீங்கள் கெடுத்தீர்கள் என்று நான் சொல்கிறேன்.

1529-இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் பதினைந்து கருத்துகளில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவது இராப்போஜனம். லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் "இது என் சரீரம்" என்று எழுதிவைத்து வாதாடினார். கடைசியில் சுவிங்லியைச் சகோதரன் என்று ஏற்க மறுத்துவிட்டார். அதற்கும் ஏறக்குறைய 1,370 வருடங்களுக்கு முன் ரோமாபுரிக்குப் போன சிமிர்னா சபையின் கண்காணி (பிஷப்) பொலிகார்ப்பு, பண்டிகை நாளைக் குறித்து அங்கிருந்த கண்காணி அனிசேத்துஸோடு ஒத்துப்போகவில்லை. இருவரும் தங்கள் வழக்கத்தை விடவும் இல்லை. ஆனாலும் அனிசேத்துஸ் தன் சபையிலேயே பந்தியை நடத்தும் கனத்தைப் பொலிகார்ப்புக்குக் கொடுத்தார். சமாதானமாகவே பிரிந்தார்கள்.

"திரித்துவம், உயிர்த்தெழுதல் எல்லாவற்றையும் இப்படியே தளர்த்திவிடுவீர்களா?" என்று கேட்பவருக்கு: இல்லை, ஒரு எழுத்தைக்கூட விடமாட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே சத்தத்தில் கத்துகிறவரின் குரல்தான், உயிர்த்தெழுதலுக்காக உண்மையிலேயே கத்த வேண்டிய நாளில் யார் காதிலும் விழாது.

அந்த அம்மா "பரவாயில்ல தம்பி, நாந்தான் தெரியாம கை நீட்டிட்டேன்" என்று சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

பொறுப்பில் இருக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த இராப்போஜனத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போங்கள். முழுக்கைப் பற்றிய உங்கள் போதனையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. "இரட்சிக்கப்படல" என்று சொன்னதை மட்டும், யார் சொன்னாரோ அவர் வாயாலேயே திரும்பப் பெறுங்கள்.